லெஸ்டர் நோஸ்கே அடிக்காத நான்கு கோல்கள்

எங்கள் தாரங்கில் ஊரில் அரைக் கிலோ சாசேஜ் வாங்கப் போனால், கூடவே நான்கு கோல் கதையும் இலவசமாகக் கிடைக்கும். வேண்டாம் என்று தப்பித்து வர முடியாது. கறிக்கடைக்காரர் லெஸ்டர் நோஸ்கே. கத்தியும் அவர் கையில், சாசேஜும் அவர் கையில். வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியதுதான்.

கடைக்குள் நுழைந்ததும் நேர் எதிரே கண்ணில் படும்படி ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருப்பார். வட்டார சாசேஜ் போட்டியில் அவர் வாங்கிய இரண்டாம் பரிசுச் சான்றிதழைக்கூட ஓரமாகத் தள்ளிவிட்டு இதை நடுவில் மாட்டியிருந்தார். உள்ளே இருப்பது எங்கள் ஃபுட்டி கிளப்பின் ஆண்டறிக்கையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு. ‘நோஸ்கே, எல். ஆட்டம் 1. கோல் 4.’ தப்பித் தவறி யாராவது அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பினால் தொலைந்தார்கள்.

“அதுவா? அட, அதை விடுப்பா, பழைய கதை,” என்று ஆரம்பிப்பார். அவர் மட்டும் விடமாட்டார். “முதல் கோல் இடது கால்ல. எனக்கு வலது கால்தான் பழக்கம். ஆனா அன்னைக்கு கோதுமை கொட்டி வைக்கிற சைலோ பக்கத்துல இருந்து காத்து அடிச்சுது பாரு, யோசிக்கவே இல்ல, சடார்னு காலை மாத்தினேன்…”

கதை நன்றாகத்தான் இருக்கும். காற்று, சேறு, எதிரணிக்காரன் முழங்கையால் விலாவில் குத்தியது, எல்லாம் வரும். ஒரே ஒரு குறைதான். லெஸ்டர் அன்றைக்கு மைதானத்தில் இல்லை. அன்றைக்கென்ன, பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட அவர் ஜெர்சி போட்டு மைதானத்துக்குள் இறங்கியதில்லை.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். நான் ராஸ் மகின்ஸ். பேரை வைத்து ஆம்பளை என்று நினைக்காதீர்கள், பொம்பளைதான். கிளப்பின் கணக்கு என் கையில். பணக் கணக்கு இல்லை, அதை யாரோ தொலைத்துக்கொள்ளட்டும். யார் எத்தனை ஆட்டம் ஆடினார்கள், எத்தனை கோல் அடித்தார்கள், எந்த வருடம் யாரிடம் உதை வாங்கினோம், அந்தக் கணக்கு. எனக்கு முன்னால் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் கடற்கரைப் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார். சம்பளம் கிடையாது. திட்டு நிறைய உண்டு. “எங்கப்பாவுக்கு ஒரு கோல் கூடப் போட்டா உன் வீட்டுச் சொத்தா குறைஞ்சிடும்?” என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். போடமாட்டேன். செத்தவர்களுக்கும் போடமாட்டேன்.

ஃபுட்டி என்கிற எங்கள் ஆட்டம் உருண்டைப் பந்து ஆட்டமில்லை, நீள்வட்டப் பந்து. கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஒவ்வொரு கோடியிலும் நான்கு கம்பம். நடுவில் இருக்கிற உயரமான இரண்டுக்கும் இடையே போனால் கோல், ஆறு புள்ளி. விலகிப் போனாலோ, அந்த உயரக் கம்பத்தில் பட்டாலோ, பாவம் பார்த்து ஒரே ஒரு புள்ளி. அதை ‘ஒற்றை’ என்போம். இது தெரிந்தால் போதும், மேலே வகுப்பெடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

இந்த ஊரில் பையன் பிறந்தால் தொட்டிலிலேயே கிளப் ஸ்கார்ஃபைச் சுற்றிவிடுவார்கள். லெஸ்டருக்கும் சுற்றினார்கள். ஆனால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பத்து அடி ஓடினால் மூச்சு விசிலடிக்கும். ஆடவே கூடாது என்று அவர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடமே சேற்றில் புரளும்போது அவர் வேலிக்கு வெளியே நின்று, இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க ஆரஞ்சுப் பழம் வெட்டிக்கொண்டிருப்பார். வளர்ந்து கடை வைத்தார். கத்தி மாறியது, வேலை மாறவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளப்புக்கு சாசேஜ் அவர் செலவு. வருடா வருடம் பழைய ஆட்டக்காரர்கள் விருந்து நடக்கும். கறி அவருடையதுதான். சமையலறைப் பின்வாசலில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

அந்த நான்கு கோல் வந்த வழியைக் கேளுங்கள். எங்கள் பிக்கோ, முழுப் பெயர் ஜாரட் பிக்கரிங், அப்போது இளந்தாரி. அம்பயருடைய கண்ணைப் பற்றியும் அவருடைய பிறப்பைப் பற்றியும் மைதானத்தில் இரண்டு வார்த்தை சொல்லி, ஆடத் தடை வாங்கியிருந்தான். அந்த வாரம் பார்த்து ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு. ரிசர்வ் எனப்படும் இரண்டாம் அணிக்கு ஆள் குறைந்தது. அப்போதிருந்த கோச்சுக்கு மூளை வேலை செய்தது. பதிவில் இருக்கிற வேறு யாராவது பேரில் பிக்கோவை இறக்கு! லெஸ்டர் பேர் பதிவில் இருந்தது. எங்கள் செயலாளர் சந்தா கட்டுகிற ஆண்கள் எல்லோரையும் ஆட்டக்காரர் என்று பதிந்து வைப்பது வழக்கம். ஆள் வராவிட்டாலும் பேராவது இருக்கட்டுமே என்றுதான். டீம் ஷீட்டில் எல். நோஸ்கே என்று எழுதி, பிக்கோவின் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து அனுப்பினார்கள். அந்தப் பயல் சும்மா ஒளிந்துகொண்டு ஆடக் கூடாதா? நான்கு கோல் அடித்துத் தொலைத்தான்.

புதன்கிழமை வட்டாரப் பத்திரிகையைப் பிரித்த லெஸ்டர், ‘தாரங்கிலின் சிறந்த ஆட்டக்காரர்: நோஸ்கே’ என்று பார்த்து டீயைத் துப்பினாராம். அவர் மனைவி க்ளெனிஸ் சொன்னது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேண்டுமென்றே கையைக் குலுக்கினார்கள். “என்னய்யா லெஸ்டர், சொல்லவே இல்ல!” முதல் வாரம், “நான் இல்லப்பா, சும்மா இருங்க,” என்று நெளிந்தார். அடுத்த வாரம் சிரித்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம், “காத்து நம்ம பக்கம் இருந்துச்சு,” என்றார். அந்த வருட விருந்துக்குக் கறியைப் பின்வாசலில் இறக்கிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாக வந்து பழைய ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி உண்டு.

இதெல்லாம் எனக்கு முந்திய காலம். அந்த ஷீட்டுக்குப் பின்னால் நடந்த திருட்டுத்தனம் கிளப் முழுக்கத் தெரியும், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் திருத்திவிடுவேனே! லெஸ்டர் ஏகத்துக்கும் அளக்கிறார் என்று தெரியும். ஆடிவிட்டு அளக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சீசன் கடைசி வாரம், வியாழக்கிழமை மாலை. பயிற்சி முடிந்து எல்லோரும் கிளப் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை பிக்கோவுக்கு முந்நூறாவது ஆட்டம், அதோடு ஓய்வு. எங்கள் கிளப்பில் இதுவரை யாரும் முந்நூறைத் தொட்டதில்லை. தரையில் க்ரேப் காகிதத்தை விரித்து க்ளெனிஸ் பெரிய பேனர் செய்துகொண்டிருந்தாள். ஆட்டக்காரன் அதைக் கிழித்துக்கொண்டு ஓடிவருவான், அதற்காகவே மூன்று சாயங்காலம் முட்டிபோட்டு ஒட்டுவார்கள். 300 என்று அவள் ஒட்டி முடித்திருந்த நேரம் நான் போய் நின்றேன்.

“சனிக்கிழமையோட சேத்தாலும் இருநூத்தித் தொண்ணூத்தொன்பதுதான் வருது,” என்றேன்.



“ராஸ், விளையாடாதீங்க,” என்றான் பிக்கோ. “என் கணக்குல சரியா முந்நூறு.”

“உன் கணக்கை யாருடா கேட்டா? மூணு தடவை கூட்டிட்டேன். ரெண்டு டீமும் சேத்துத்தான் கூட்டினேன்.”

கிளப் தலைவர் க்ரேம் பெட்ஷல் தலையைச் சொறிந்தார். பெட்ச் என்றுதான் கூப்பிடுவோம். “அப்போ சனிக்கிழமை ரிசர்வ் மேட்ச்லயும் இவனை இறக்கிடலாமே? ஒரே நாள்ல ரெண்டு.”

“என் முட்டி ஒரு மேட்ச்சுக்கே கெஞ்சுது பெட்ச்,” என்றான் பிக்கோ. “அது வந்து… ஒரு மேட்ச் வேற பேர்ல ஆடினேன்ல? அதான் இடிக்குது.”

“வேற பேர்லயா? யார் பேர்ல?”

எல்லோரும் குனிந்து தட்டிலிருந்த லாசன்யாவைப் பார்த்தார்கள். க்ளெனிஸ் மட்டும் தரையில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வாய் நீளம். “என் வீட்டுக்காரர் பேர்லதான் ராஸ்! அந்த மனுஷன் சமையலறையில நின்னு குப்பையை வீசினா தொட்டிக்கு வெளியிலதான் விழும். நாலு கோலாம், நாலு கோல்!”

எனக்கு மூக்கு விடைத்தது. இத்தனை வருடம் ஒரு பொய்யை அச்சடித்து ஊருக்குக் கொடுத்திருக்கிறேன்! “நாளைக்கே திருத்தறேன். அந்த ஆட்டம் பிக்கோவோடது. லீக்குக்குப் பயப்பட வேண்டாம், அந்த லீகே செத்துப் போய் வேற லீக்கோட சேந்தாச்சு. நோஸ்கே பேர் லிஸ்ட்லயே இருக்காது.”

சிரித்துக்கொண்டிருந்த க்ளெனிஸ் சட்டென்று அடங்கினாள். கையிலிருந்த பசைத் தூரிகையைக் கீழே வைத்தாள்.

“நான் கிண்டல் பண்ணுவேன். அது வேற,” என்றாள். “அதை அவர்கிட்ட இருந்து பிடுங்காதீங்கப்பா.”

ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். சாசேஜ் நின்றுபோகுமே என்று ஒருவன் கவலைப்பட்டான். யார் போய் லெஸ்டரிடம் சொல்வது என்று வந்ததும் எல்லோருக்கும் வீட்டில் வேலை வந்துவிட்டது. கடைசியில் என் தலையில்தான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் போனேன். லெஸ்டர் ஆட்டுத் தொடையிலிருந்து எலும்பை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவர் நிமிரவில்லை.

“நீதானே ராஸ் சொல்லுவ? ஷீட்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன்னு? ஷீட்ல என் பேர் இருக்கு.”

“நீ ஆடினியா லெஸ்டர்?”

“ஷீட்ல இருக்கு.”

“நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அன்னைக்கு நீ எங்க இருந்த?”

“நான் மைதானத்துல இல்லன்னு எந்த ஷீட்லயாவது எழுதியிருக்கா?”

எரிச்சலில் கத்தப் போனேன். அதற்குள் அவர் கத்தியைப் பலகைமேல் வைத்தார்.

“பிக்கோவுக்கு அதை விட்டா இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தொன்பது இருக்கு,” என்றார். “எனக்கு அது ஒண்ணுதானே ராஸ்.”

அந்த ஆளுக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் ஒரு ஆட்டத்தை இரண்டு பேருக்கு எழுத முடியாதே.

அந்த நேரம் பெட்ச்சும் பிக்கோவும் கடைக்குள் வந்தார்கள். பெட்ச்சின் முகத்தில் பெரிய சமரசம் ஒன்று எழுதி ஒட்டியிருந்தது.

“ராத்திரி பூரா யோசிச்சோம்,” என்றார். “ஆளுக்குப் பாதி. ஆட்டம் பிக்கோவுக்கு. கோல் லெஸ்டருக்கு.”

“ஆமா லெஸ்டர்,” என்றான் பிக்கோ. “எனக்கு அந்த மேட்ச் ஞாபகமே இல்ல. முந்தின நாள் அவ்ளோ குடிச்சிருந்தேன். உன் வாயால கேட்டுத்தான் எப்படி அடிச்சேன்னே தெரியும். நாலும் நீயே வச்சுக்கோ.”

லெஸ்டர் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்குத்தான் தலைக்கு ஏறியது.

“ஏன்யா, ரெண்டு பேரும் மூளையை எங்க அடகு வச்சீங்க? ஆட்டம் பூஜ்யம், கோல் நாலுன்னு எழுதணுமா? ஆடாம நாலு கோல் எப்படிய்யா அடிச்சாரு? இந்தக் கடைக்குள்ள நின்னு, சைலோவுக்கு மேலாலயா உதைச்சாரு? பக்கத்து ஊர்க்காரன் பாத்தா வாயால சிரிக்கமாட்டான்!”

பெட்ச் பின்வாங்கி ஃப்ரிட்ஜில் இடித்துக்கொண்டார். கத்தி முடித்ததும்தான் எனக்கு அது தோன்றியது. சில பேருக்குக் குளிக்கும்போது யோசனை வரும், எனக்குக் கோபத்தில்தான் வரும்.

“பெட்ச், இவர் பேர் இந்த வருஷமும் பதிவுல இருக்கா?”

“சந்தா கட்டியிருக்காரே. இருக்கும்.”

“அப்போ நாளைக்கு மத்தியானம் ரிசர்வ் மேட்ச்ல இறங்கட்டும். கோட்டைத் தாண்டி ஒரு காலை வச்சாக்கூட ஒரு ஆட்டம்தான். லெஸ்டர், நான் உன்கிட்ட இருந்து ஒரு காகித ஆட்டத்தை எடுக்கறேன். அதுக்குப் பதிலா புல்லு மேல ஆடற ஆட்டம் ஒண்ணு தர்றேன்.”

லெஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. தொப்பை ஏப்ரனுக்குள் அடங்காது. பாக்கெட்டில் எப்போதும் மூச்சு மருந்து.

“நான் அங்க போய் ஒண்ணும் அடிக்கலன்னா?” என்றார்.

“ஒண்ணும் அடிக்கலன்னுதான் எழுதுவேன்.”

“என் நாலு கோல்?”

“போயிடும்.”

“நாலு வச்சிருக்கறவன் எதுக்கு ராஸ் பூஜ்யத்துக்கு மாத்திக்கணும்?” என்று கேட்டார். அவர் குரலில் வீம்பு இல்லை, பயம்தான் இருந்தது. பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம். சாசேஜ் வாங்கக்கூட மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை போரெல் ஊர் அணியோடு ஆட்டம். குளிர் எலும்பைக் கடித்தது. வேலியைச் சுற்றிலும் கார்களும் யூட் என்கிற திறந்த சரக்கு வண்டிகளும் மைதானத்தைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. எங்கள் வழக்கம் அது. காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பார்ப்போம், கோல் விழுந்தால் கைதட்டுக்குப் பதில் ஹாரன். நான் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து ரிசர்வ் அணியின் ஷீட்டைப் பார்த்தேன். லெஸ்டர் பேர் இல்லை. சரி, அந்த மனுஷனின் நான்கு கோலை என் கையாலேயே கோடு போட்டு அழிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கப் போகிற நேரம் பெட்ச் மூச்சிரைக்க ஓடிவந்து ஷீட்டைப் பிடுங்கினார். கடைசி வரியில் ஒரு பேரைக் கிறுக்கினார்.

“இழுப்பு மருந்தை சாக்ஸுக்குள்ள செருகிட்டு வந்து நிக்கறாரு,” என்றார். “க்ளெனிஸ் ஜெர்சியைப் போட்டுவிட முடியாம அழுதுக்கிட்டே சிரிக்கிறா.”

உண்மைதான். கிளப்பின் மிகப் பெரிய ஜெர்சி அது, அதிலும் தொப்புள் தெரிந்தது. லெஸ்டர் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கீழே பார்த்தார். பிறகு குளத்தில் இறங்குகிறவர் மாதிரி வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். நான் உடனே ‘ஆட்டம் 1’ என்று எழுதிவிட்டேன். எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அவரைக் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்தார்கள், ஓட வேண்டாமே என்று. அவரை மறிக்க வந்த போரெல் பையன் பனைமரம் மாதிரி இருந்தான். ஆனால் தங்கமான பிள்ளை. “பெரியவரே, நெஞ்சு கிஞ்சு வலிச்சா சொல்லுங்க, அம்பயர்கிட்ட நான் சொல்றேன்,” என்று முதலிலேயே சொன்னானாம். காருக்குள்ளிருந்து எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

“லெஸ்டர்! அந்த இடது காலைக் காட்டு!”

“சைலோ பக்கத்துக் காத்து வருதாப்பா?”

“யோவ், பந்து கறி இல்ல, அதுவா உன்கிட்ட வராது!”

முதல் மூன்று கால்பகுதி ஆட்டத்திலும் பந்து அவரிடம் வரவே இல்லை. ஒரு தடவை ஓடினார், மூச்சு விசிலடிக்கும் சத்தம் ஸ்கோர் மேசை வரை கேட்டது. நின்று மருந்தை உறிஞ்சினார், மறுபடி இடத்துக்குப் போனார். வெளியே வாங்க என்று கோச் சைகை காட்டினான். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசிக் கால்பகுதி. எங்களுக்குத் தோல்வி உறுதியாகி வெகுநேரம் ஆகியிருந்தது. எங்கள் பையன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை உதைத்தான். பந்து மேலே போய், காற்றில் தள்ளாடி, நேராக லெஸ்டர் மேல் இறங்கியது. அவர் பிடித்தாரா, பந்து அவர் தொப்பையில் சிக்கிக்கொண்டதா, இன்றுவரை ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. கீழே விழவில்லை, அதுதான் முக்கியம். உதைத்த பந்தைத் தரையில் விடாமல் பிடித்தால் யாரும் தொடக் கூடாது, நிதானமாகக் கோலைப் பார்த்து உதைக்கலாம். அம்பயர் விசிலடித்தார். கம்பத்துக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரம்.

கிண்டல் பண்ணிய வாயெல்லாம் மூடிக்கொண்டன. எல்லோரும் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கோர் மேசைக்கு வந்து நின்ற க்ளெனிஸ் என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

லெஸ்டர் நான்கு அடி ஓடி உதைத்தார். வலது கால்தான். பந்து குட்டையாகக் கிளம்பி, சுற்றிச் சுற்றிப் போய், உயரக் கம்பத்தின் உள்பக்கத்தை உரசிக்கொண்டு நடுவில் நுழைந்தது.

அந்தக் கோடியில் வெள்ளைக் கோட்டு போட்டு கோல் அம்பயராக நின்றது யார் தெரியுமா? எங்கள் பெட்ச். ரிசர்வ் ஆட்டத்துக்கு அந்தந்த கிளப்தான் ஆள் கொடுக்க வேண்டும். கோல் என்றால் இரண்டு விரல், ஒற்றை என்றால் ஒரு விரல். பெட்ச் கம்பத்தைப் பார்த்தார், லெஸ்டரைப் பார்த்தார். “கோல்! கோல்!” என்று வேலியைச் சுற்றிலும் கத்தினார்கள். அந்தப் பனைமரப் பையன்கூட, “கோல்தான் அம்பயர், நான் பக்கத்துல நின்னு பாத்தேன்,” என்று புளுகினான். பெட்ச் இரண்டு விரலையும் நீட்டத் தயாராக வைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். அம்பயர் காட்டுவதுதான் சட்டம், நானும் அதைத்தான் எழுத வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க?

“கையை இறக்குய்யா!”

கத்தியது லெஸ்டர். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, முகமெல்லாம் பீட்ரூட் நிறத்தில், பெட்ச்சைப் பார்த்து நடந்தார்.

“கம்பத்துல பட்டுச்சு. எனக்கு டொக்குன்னு கேட்டுச்சு.”

“காத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலியே லெஸ்டர்,” என்று பெட்ச் கண்ணைச் சிமிட்டினார்.

“எனக்குக் கேட்டுச்சுய்யா! என் பந்து, நான் உதைச்சேன், எனக்குத் தெரியாதா? மூச்சு முட்ட ஓடி ஒண்ணு அடிச்சிருக்கேன். அதையும் பொய்யாக்கிடாதே. ஒத்தை விரலைக் காட்டு!”

பெட்ச் ஒரு விரலைக் காட்டினார். ஒற்றைக்கெல்லாம் எங்கள் ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை, அது தவறவிட்டதற்குக் கிடைக்கிற கூலி. அன்றைக்கு முதல் ஹாரனை யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. அப்புறம் நிற்கவே இல்லை. க்ளெனிஸ் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

பிற்பகல் பிக்கோ தன் முந்நூறைக் கிழித்துக்கொண்டு ஓடினான். தோற்றோம், ஆனாலும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை லெஸ்டர் என் வாசலில் நின்றார். கையில் அந்தப் பழைய சட்டம், உள்ளே துண்டு இல்லை.

“புதுசு எப்போ ராஸ் வரும்?”

“அச்சுக்குக் குடுத்ததும் தர்றேன். ஆட்டம் ஒண்ணு, கோல் பூஜ்யம்.”

“என் ஒத்தை எங்க?”

“அதுக்குக் கட்டம் கிடையாது லெஸ்டர். ஆட்டமும் கோலும்தான் எழுதுவோம். நூறு வருஷமா யாரோட ஒத்தையையும் இந்த கிளப் எழுதி வச்சதில்ல.”

“அது உங்க தப்பு. நான் அடிச்சது அடிச்சதுதானே? நீதான் உள்ளதை எழுதுறவளாச்சே.”

என் வாயாலேயே என்னை மடக்கிவிட்டார் மனுஷன். நடந்ததை எழுதாமல் விட என்னாலும் முடியவில்லை. மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். மற்றவர்கள் பேருக்கு நேரே அந்தக் கட்டத்தில் கோடு, ஏனென்றால் யாரும் எண்ணி வைக்கவில்லை. நோஸ்கே, எல். என்பதற்கு நேரே மட்டும் ஒன்று.

ஆண்டறிக்கை வந்ததும் பிக்கோ அதைத் தூக்கிக்கொண்டு கறிக்கடைக்குள் நுழைந்தான். நான் அப்போது வரிசையில் நின்றிருந்தேன். கடைசிப் பக்கத்தில் கிளப் சாதனைகள் வரும். அதிக ஆட்டம்: பிக்கரிங். அதற்குக் கீழே, அதிக ஒற்றைகள்: நோஸ்கே.

“என்ன அநியாயம் இது?” என்று கத்தினான். “முந்நூறு ஆட்டத்துல நான் ஆயிரம் ஒத்தை அடிச்சிருப்பேன்யா!”

லெஸ்டர் கத்தியைத் துடைத்துக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாராவது எண்ணினாங்களாப்பா?” என்றார்.